கிணறு திறந்தாச்சு... வாஷரை யார் மாற்றுவது?

*ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குத் தண்ணீர் கொடுக்க நம் ஊரிலிருந்து பணம் போகிறது. விழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு அந்தப் பம்புக்கு என்ன ஆகிறது?*

சுங்கை பூலோ. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. செடிக்கடைகள் வரிசையாக நிற்கும் சாலைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடை. தோசைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, நண்பர் கைப்பேசியை மேசை நடுவில் சாய்த்து நிறுத்துகிறார்.

திரையில் செம்மண் தரை. பளிச்சென்ற துணி கட்டிய பெண்கள் கைதட்டிப் பாடுகிறார்கள். நீலநிற ரிப்பனை ஒருவர் வெட்டுகிறார். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் பம்புக் கைப்பிடியில் தொங்கி, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்துகிறான். நாலாவது அடியில் தண்ணீர் குபுக்கென்று வந்து சிமெண்டுத் தரையில் விழுகிறது. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. பக்கத்தில் ஒரு கல்வெட்டு. அதில் ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர்.

"எங்கம்மா பேரு," என்கிறார் நண்பர். "அவங்க போயி ஒரு வருஷம் ஆச்சு. திதிக்கு அன்னதானம் போட்டோம். அப்புறம் அண்ணன் தம்பி எல்லாம் காசு சேர்த்து உகாண்டாவுல ஒரு கெணறு."

எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா வீடியோவை மறுபடி போடச் சொல்கிறார். வாழ்நாளில் பாதியைப் பால்மரக் காட்டில் கழித்தவர். பாட்டையும் ரிப்பனையும் அவர் பார்க்கவில்லை. அவர் கண் பம்பின் மேலேயே இருக்கிறது.

"இது அடிபம்புல்ல? உள்ள வாஷர் இருக்கும். அது தேஞ்சா யாருய்யா மாத்துவா?"

"கெணறு கட்டிக் கொடுத்த அமைப்புக்காரங்க பாத்துக்குவாங்க பெரியம்மா."

"அவங்க எங்க இருக்காங்க?"

"கோலாலம்பூர்ல."

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தோட்டத்துல எங்க பைப்பு ஒடைஞ்சா ஆபீசுக்கு நாலு நாளு நடந்து கிராணிகிட்ட நிக்கணும். இவங்க கோலாலம்பூருக்கா நடப்பாங்க?"

மேசையில் இருந்த யாரிடமும் பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில் விளைந்ததுதான் இந்தக் கட்டுரை.

கொடுக்கும் கை

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று கிணற்றுக்குக் கொடுப்பது பரவலான தர்மம். பெற்றோர் நினைவாக, பிள்ளையின் பிறந்தநாளுக்காக, வேண்டுதல் நிறைவேறியதற்காகக் கொடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கும் கம்போடியாவுக்கும் 'தெலாகா' எனப்படும் கிணறு கட்டித்தர மலேசிய முஸ்லிம் அறநிறுவனங்கள் ஆண்டு முழுவதும் நிதி திரட்டுகின்றன. தேவாலயக் குழுக்கள், சேவைச் சங்கங்கள், நண்பர் வட்டங்கள் என்று பட்டியல் நீளும். வசதியுள்ளவர்கள் விமானம் ஏறி, பேருந்து மாறி, ஜீப்பில் குலுங்கிப் போய்த் தங்கள் கையாலேயே திறந்து வைத்துவிட்டும் வருகிறார்கள்.

இந்த ஆசைக்கு ஆழமான வேர் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் இதை 'ஸதக்கத்துல் ஜாரியா' என்பார்கள். கொடுத்தவர் மறைந்த பிறகும் நன்மை ஓடிக்கொண்டே இருக்கும் தர்மம். இறந்துபோன தாய்க்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று நபித்தோழர் ஸஅத் இப்னு உபாதா கேட்டபோது, தண்ணீர் என்று நபிகள் நாயகம் சொன்னதாகவும், அவர் தாயின் பெயரால் ஒரு கிணறு வெட்டியதாகவும் ஹதீஸ் சொல்கிறது. திங்களூரில் அப்பூதி அடிகள், நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் பாடுகிறது. உச்சி வெயிலில் யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட கதை கிறிஸ்தவர் எல்லோருக்கும் தெரியும். நிலம் குழிந்த இடத்தில் நீரைத் தேக்குகிறவன் புகழே நிலைக்கும் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் புறநானூற்றில் எடுத்துச் சொன்னவர் குடபுலவியனார்.

மலேசியத் தமிழருக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நாட்டுத் தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் வாந்திபேதியும் கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில். கிள்ளானில் 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடியவைத்து மலேரியாவைக் கட்டுப்படுத்திக் காட்டினார். தேங்கிய தண்ணீரும் கெட்ட தண்ணீரும் ஆளைக் கொல்லும் என்பதை நம் முன்னோர் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். லயத்துக்கு நடுவே ஒரே பைப்பு, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவேண்டிய அவசரம், அதற்குள் குடம் நிறைய வேண்டும் என்ற பதற்றம்: இதையெல்லாம் பார்த்த கண்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. உகாண்டாக் கிராமத்துப் பெண் தலையில் தண்ணீர் சுமப்பதைப் பார்த்தால் அவர்களுக்கு அது வேறு கண்டத்துப் படமாகத் தெரிவதில்லை.

> பெட்டிச் செய்தி: உலகின் தாகம்
> (உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த கணக்கு, 2022ஆம் ஆண்டு நிலவரம்)
>
> • பாதுகாப்பான குடிநீர் வீட்டிலேயே கிடைக்காதவர்கள்: 220 கோடி பேர்
> • போய்வர அரை மணி நேரத்துக்குள் சுத்தமான தண்ணீர் என்ற அடிப்படை வசதிகூட இல்லாதவர்கள்: 70 கோடியே 30 லட்சம் பேர்
> • ஆறு, குளம், வாய்க்காலிலிருந்து அப்படியே எடுத்துக் குடிப்பவர்கள்: 11 கோடியே 50 லட்சம் பேர்
> • தண்ணீர் வசதி இல்லாத வீடுகளில் பத்தில் ஏழில், தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பு பெண்கள் தலையில்

தண்ணீர் வந்தால் என்ன மாறும்?

முதலில் மாறுவது நேரம். இருபது லிட்டர் மஞ்சள் கேன் ஒன்று நிறைந்தால் இருபது கிலோ. அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ஒரு மணி நேரம் நடப்பது மிச்சமானால், அந்த ஒரு மணி நேரம் வயலுக்கோ, சந்தைக்கோ, பிள்ளைக்கோ, அவளுடைய தூக்கத்துக்கோ போகிறது. காலையில் தண்ணீருக்கு ஓடாத சிறுமி மணியடிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள்.

அடுத்து மாறுவது உடம்பு. தமிழ்நாட்டுப் பெரியவர்களுக்கு 'நரம்புச் சிலந்தி' என்ற பெயர் நினைவிருக்கலாம். கெட்ட தண்ணீரோடு வயிற்றுக்குள் போகும் புழு, ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் கிளப்பி, அதன் வழியே நூல்போல வெளியே வரும். பிய்த்து இழுக்க முடியாது. குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள்கணக்கில், வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். அதற்குள் அறுவடைக் காலமே முடிந்துவிடும். இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. வடிகட்டிக் குடிப்பது, நோயாளியைக் குளத்தில் கால் வைக்கவிடாமல் தடுப்பது, பாதுகாப்பான தண்ணீருக்கு வழி செய்வது போன்ற தடுப்பு வழிகள்தான் உண்டு.

படிக்கட்டுக் கிணறுகளை மூடி, கைப்பம்பு போட்டு, வீடுவீடாகப் போய்ச் சொல்லித்தான் இந்தியா இதை விரட்டியது. அங்கே கடைசி நோயாளி 1996இல் பதிவானார். 2000இல் நோயற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. 1986இல் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய் இது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அமைப்பு முன்னின்று நடத்திய போராட்டத்தால் 2023இல் 14 பேர் என்ற அளவுக்குச் சுருங்கியது. சுத்தமான தண்ணீரும் விடாத கண்காணிப்பும் சேர்ந்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஆகவே, கிணற்றுக்குக் கொடுத்தவர்கள் கொடுத்தது வீணில்லை. கேள்வி வேறு: அந்தத் தண்ணீர் எத்தனை நாள் வரும்?

கோயம்புத்தூர் சோதித்துக் கொடுத்த பம்பு

பெரியம்மா அந்தப் பம்பைப் பார்த்ததும் அடையாளம் கண்டதற்குக் காரணம் உண்டு. உகாண்டாவில் 'யு2', 'யு3' என்று அழைக்கப்படும் பம்புகள், 'இந்தியா மார்க் 2', 'இந்தியா மார்க் 3' என்ற இந்திய அடிபம்பின் வாரிசுகள்தான்.

அதன் கதை தோல்வியில் தொடங்குகிறது. 1967இல் பீகார் வறட்சியில் தவித்தபோது, கடினப் பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஆழ்துளைக் கிணறுகள் மளமளவென்று பெருகின. அவற்றின் மேல் பொருத்தியவை, மேல்நாட்டுப் பண்ணை வீட்டில் ஒரே குடும்பம் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகளின் நகல்கள். இந்தியாவிலோ ஊரே விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை அடித்தது. பம்புகள் உடைந்தன. 1974இல் யுனிசெஃப் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பம்புகள் வேலை செய்யவில்லை.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் உருவான உறுதியான பம்பு ஒன்றை அடிப்படையாக வைத்து, யுனிசெஃபும் இந்திய அரசும் சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனமும் கைகோத்துப் புதிய பம்பை வடிவமைத்தன. அதை வைத்துச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடம் கோயம்புத்தூர் வட்டாரம். அங்கே தண்ணீர் மிக ஆழத்தில் கிடந்தது. கிராமத்துப் பெண்களின் கை ஒரு நாளும் ஓயாது. அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும். தாங்கியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்தியா மார்க் 2 லட்சக்கணக்கில் உற்பத்தியாகி, கண்டம் தாண்டி ஆப்பிரிக்காவுக்கும் போனது.

பம்பைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ரகசியமும் இல்லை. கைப்பிடியின் முனையில் ஒரு சங்கிலி. அதில் நீண்ட இரும்புத் தண்டு தொங்கும். தண்டின் அடியில், பல மீட்டர் ஆழத்தில், பித்தளை உறை போட்ட சிலிண்டர். அதற்குள் பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றிக் கிண்ண வடிவில் வாஷர்கள். கைப்பிடியை அழுத்தினால் பிஸ்டன் மேலே ஏறும். வாஷர் சிலிண்டர் சுவரோடு ஒட்டித் தண்ணீரைத் தூக்கும். நிமிடத்துக்கு நாற்பது அடி அடித்தால் சுமார் 12 லிட்டர் வரும்.

முன்பு தோலில் செய்தார்கள் அந்த வாஷரை. பிறகு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பருக்கு மாறினார்கள். உள்ளங்கையில் அடங்கும். பம்பு முழுவதிலும் மலிவான சாமான்களில் ஒன்று. அது தேய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் வராது.

ரப்பர் நமக்குப் புதிதில்லை. 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய பரிசோதனைத் தோட்டம் இதே சுங்கை பூலோவில்தான் இருந்தது. இன்று அந்த நிலம் குவாசா டாமன்சாராவாக மாறி, எம்ஆர்டி ரயில் ஓடுகிறது. தேய்வதும் இறுகுவதும் வெடிப்பதும் ரப்பரின் குணம் என்று இங்கே பால்மரம் வெட்டியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியம்மாவின் கேள்வி அந்த அறிவிலிருந்து வந்தது.

பந்தல் பிரித்த பிறகு

சகாராவுக்குத் தெற்கே சுமார் இருபது ஆப்பிரிக்க நாடுகளின் கைப்பம்புகளைப் பற்றி, கிராமப்புற நீர் வழங்கல் வலையமைப்பு 2009இல் ஒரு கணக்கைத் தொகுத்து வெளியிட்டது. 100 பம்புகளில் 36 வேலை செய்யவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளில் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது; இருந்தும் ஏறத்தாழ நான்கில் ஒன்று எந்த நேரமும் முடங்கிக் கிடக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு திறப்பு விழா நடந்திருக்கும். யாரோ ஒருவருடைய தாயின் பெயரைச் சுமந்த கல் இன்றும் அங்கே நிற்கும். கல்லுக்கு ஒன்றும் ஆகாது. பம்புதான் நின்றுபோகும்.

ஏன் நிற்கிறது? காரணங்கள் பெரும்பாலும் சின்னவை.

வாஷர் தேய்கிறது. அதை விற்கும் கடை ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால். அல்லது கடையே இல்லை. ஏனென்றால் கொடையாளிகள் பம்போடு சாமான்களையும் இலவசமாக இறக்கிவிட்டதால் கடைக்காரருக்கு வியாபாரமே நடக்கவில்லை.

குழாய் துருப்பிடிக்கிறது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நிலத்தடி நீருக்கு அமிலத் தன்மை உண்டு. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அது சில ஆண்டுகளில் அரித்துவிடும். தண்ணீர் செம்பழுப்பாக வரும். வெளுத்த துணி கறைபடும். சோற்றின் நிறமும் ருசியும் மாறும். பம்பு ஓடிக்கொண்டிருந்தாலும் பெண்கள் மெல்லப் பழைய குளத்துக்கே திரும்பிவிடுவார்கள். இந்தத் தொல்லை தாங்காமல் உகாண்டா அரசே 2016இல் கைப்பம்புகளுக்கு இத்தகைய குழாய்களைப் போட வேண்டாம் என்று நிறுத்தியது.

சில இடங்களில் கிணறே ஆழம் போதவில்லை. மழைக்காலத்தில் துளையிட்டு, தண்ணீர் பொங்கியதைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கோடையின் கடைசி மாதத்தில் அது வறண்டுபோவதைப் படமெடுக்க யாரும் அங்கே இருப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, பம்புக்குச் சொந்தக்காரர் யார் என்பது தெளிவாக இருப்பதில்லை. கொடுத்தவர்கள் ஊருக்கென்று நினைக்கிறார்கள். ஊரார் அது வெளிநாட்டுக்காரர்களுடையது என்று நினைக்கிறார்கள். பழுதானால் வந்தவர்கள் மறுபடி வருவார்கள் என்று காத்திருக்கிறார்கள். இதில் ஊராரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பம்பை எங்கே நடுவது என்றுகூட அவர்களைக் கேட்காமல் நட்டுவிட்டு, பழுதான அன்று மட்டும் பொறுப்பேற்கச் சொன்னால் எப்படி?

நின்றுபோன பம்பின் விலை, அதை நட்ட செலவைவிடப் பெரியது. பம்பு வந்ததால் பழைய ஊற்றைத் தூர்ந்துபோக விட்டிருப்பார்கள். நடை மறுபடி தொடங்கும்; சிறுமி மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் பிந்துவாள்; வயிற்றுப்போக்கு திரும்பும். அடுத்த தடவை ஒரு நல்ல அமைப்பு வந்து மாதம் இத்தனை என்று பராமரிப்புக்குக் காசு போடுங்கள் என்று கேட்டால், ஏமாந்த ஊர் நம்பாது.

வந்தது நல்ல தண்ணீரா?

தெளிவாக இருப்பதெல்லாம் நல்ல தண்ணீர் இல்லை. வங்காளதேசம் இதைக் கொடுமையாகக் கற்றது. 1970களில் குளத்துத் தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றவென்று அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நோக்கம் தூயது; குழந்தைகள் பிழைக்கவும் செய்தார்கள். ஆனால் நிலத்துக்கடியில் ஆர்செனிக் இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. 1993இல் அது தெரியவந்தபோது கோடிக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தார்கள். உள்ளங்கையில் புள்ளி, தோல் தடிப்பு, பிறகு புற்றுநோய். வரலாற்றிலேயே மிகப் பெரிய நஞ்சூட்டல் என்று அறிவியலாளர்கள் அதை எழுதினார்கள்.

தமிழ்நாட்டின் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிணற்றில் கலந்திருக்கும் ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கி எலும்பை வளைத்தது. கடைசியில் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர வேண்டியதாயிற்று. எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா வழியாகப் போகும் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கிலும் இதே ஃபுளோரைடு உண்டு. சோதனைக்கூடச் சான்று இல்லாமல் ரிப்பன் வெட்டுவது, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத மருந்தைப் பிள்ளைக்குக் கொடுப்பதற்குச் சமம்.

அஞ்சலட்டையிலிருந்து சிம் கார்டுக்கு

வாஷரை யார் மாற்றுவது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பதில் கண்டது. மூன்றடுக்குப் பராமரிப்பு. கிராமத்தில் பம்புக்கு ஒரு காவலர், ஊர்க்காரரேதான். கையில் ஒரு ஸ்பேனர், கூடவே முகவரி எழுதிய அஞ்சலட்டைகள். நட்டு தளர்ந்தால் அவரே இறுக்குவார். அவரால் முடியாவிட்டால் அஞ்சலட்டையைத் தபால் பெட்டியில் போடுவார். வட்டார மெக்கானிக் வருவார். குழாயையே தூக்கவேண்டிய பெரிய வேலை என்றால் மாவட்டக் குழு லாரியோடு வரும்.

அதிலும் ஒரு குறை இருந்தது. வாஷர் மாற்றுவதற்குக்கூடக் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டியிருந்தது. 1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர் வட்டாரத்தில் மறுபடி ஒரு பெரிய சோதனை நடந்தது. அதில் பிறந்தது இந்தியா மார்க் 3. குழாயின் விட்டத்தை அகலமாக்கி, பிஸ்டனை மட்டும் அதன் வழியாகவே உருவி எடுக்கும்படி செய்தார்கள். சில கருவிகளும் கொஞ்சம் பயிற்சியும் இருந்தால் ஊர்க்காரர்களே செய்யக்கூடிய வேலையானது. மலாவியில் முளைத்துக் கென்யாவில் வளர்ந்த 'ஆஃப்ரிடெவ்' பம்பும் இதே எண்ணத்தில் வந்ததுதான்: ஊராரே திறக்கலாம், ஊராரே மாற்றலாம்.

கென்யாவின் கிட்டுயி வட்டாரத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பம்புக் கைப்பிடிக்குள் சிம் கார்டோடு ஒரு சிறு கருவியைப் பொருத்தினார்கள். கைப்பிடி அசைவது நின்றால் மெக்கானிக்குக்குச் செய்தி போகும். முன்பு பழுது நீங்கச் சராசரியாக 27 நாள் ஆனது; அது மூன்று நாளுக்குள் வந்தது. அங்கே இன்று உள்ளூர் நிறுவனமாகவே இந்தப் பராமரிப்பு நடக்கிறது. கிராமங்கள் சிறு கட்டணம் கட்டுகின்றன, மீதியை நிதியுதவி ஈடுகட்டுகிறது.

அஞ்சலட்டையும் சிம் கார்டும் சொல்வது ஒன்றே. பழுது வரத்தான் செய்யும். அதைச் சொல்ல ஒரு வழியும், கேட்டு வர ஓர் ஆளும், வந்தவருக்குக் கொடுக்கக் கூலியும் இருந்தால் தண்ணீர் நிற்காது.

நம் வாசலில்

இதை ஆப்பிரிக்கக் கதை என்று ஒதுக்கிவைக்க முடியாது. 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 18 லட்சம் பேர் பங்கீட்டுத் தண்ணீரில் வாழ்ந்தார்கள். 2014இல் சுங்கை சிலாங்கூர் அணையின் நீர்மட்டம் இறங்கியபோது மறுபடி பங்கீடு. 2020 செப்டம்பர் 3 அன்று ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, 1,292 பகுதிகளில் 12 லட்சம் கணக்குதாரர்களுக்குத் தண்ணீர் நின்றது. அடுக்குமாடிக்குக் கீழே தண்ணீர் லாரியைச் சுற்றி வாளியோடு நின்ற வரிசை நமக்கு மறந்திருக்காது. மூன்று நான்கு நாளிலேயே நாம் தவித்துப் போனோம்.

இன்னொன்றும் உண்டு. தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களின் உட்புறக் கிராமங்கள் பலவற்றில் இன்றும் மலையோடைத் தண்ணீரும் பழுதான குழாய்களும்தான். 2019இல் கிளந்தானின் குவா மூசாங் பக்கம் கோலா கோ கிராமத்தில் பத்துக்கும் மேற்பட்ட பாத்தேக் இன மக்கள் இறந்தபோது, தட்டம்மைதான் காரணம் என்று சுகாதார அமைச்சு உறுதிசெய்தது. அந்த மக்களின் குடிநீரைப் பற்றிய கேள்வியும் அப்போது நாடெங்கும் எழுந்தது. உகாண்டாவுக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அங்கே கொடுக்கும் அதே கை, நாலு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் தாகத்தையும் தொட வேண்டும் என்கிறேன். இங்கே என்றால் அடுத்த வருடம் நீங்களே போய்ப் பம்பை அடித்துப் பார்க்கலாம்.

> பெட்டிச் செய்தி: காசு கொடுக்குமுன் கேளுங்கள்
>
> 1. கிணறு வேண்டும் என்று கேட்டது யார்? இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஊர்ப் பெண்களுக்குப் பங்கு உண்டா?
> 2. கோடையின் கடைசியிலும் தண்ணீர் இருக்குமா? ஆழம் என்ன?
> 3. ஆர்செனிக், ஃபுளோரைடு, இரும்பு, கிருமி: நான்கையும் சோதித்த சான்று உண்டா?
> 4. அந்த நாட்டு அரசு ஏற்ற பம்பு வகையா? உதிரி சாமான் பக்கத்து ஊரில் கிடைக்குமா?
> 5. குழாய் துருப்பிடிக்காத வகையா?
> 6. பழுதுபார்க்கப் பயிற்சி பெற்றவர் யார்? அவருக்குக் கூலி எங்கிருந்து?
> 7. ஐந்து ஆண்டுக்கு முன் நீங்கள் கட்டிய கிணறுகளில் எத்தனை இன்று ஓடுகின்றன?
>
> ஏழாவது கேள்விக்குத் தயங்காமல் எண்ணைச் சொல்லும் அமைப்புக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

விழாவுக்குப் போகிறவர்களுக்கு

நேரில் போய்த் திறந்து வைப்பதில் தவறே இல்லை. கொடுத்தவரும் பெற்றவரும் முகம் பார்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் ஒரு நாளில் திரும்பிவிடும் நாம், அந்த ஒரு நாளைச் சரியாகச் செலவழிக்கலாம்.

முதல் அடியை அடிக்க, இதுவரை தொலைவிலிருந்து தண்ணீர் சுமந்த பெண்ணைக் கூப்பிடுங்கள். மேடைப் பேச்சைக் குறைத்து, பம்பைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவர் பம்பைக் கழற்றி மாட்டுவதைப் பாருங்கள். பெட்டி நிறைய வாஷரைச் சுமந்து போவதைவிடப் பக்கத்து ஊர்க் கடையில் காசு கொடுத்து வாங்குங்கள். அந்தக் கடை நிலைத்தால் பம்பும் நிலைக்கும். கொடுக்கும் தொகையில் ஒரு பங்கை முதலிலேயே பராமரிப்புக்கென்று பிரித்து வையுங்கள். ஒரே ஊரில் ஒரு பம்பைப் பத்து ஆண்டு ஓடவைப்பது, பத்து ஊரில் பத்துக் கல் நட்டுவிட்டு வருவதைவிடப் பெரிய புண்ணியம்.

கல்வெட்டில் அம்மாவின் பெயர் இருக்கட்டும். அதற்குக் கீழே, பழுதானால் கூப்பிட வேண்டிய எண்ணும் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். தாயின் பெயரைத் தாங்கிய பம்பு ஒரு நாளும் வறண்டு நிற்கக் கூடாது என்று நினைக்கும் பிள்ளைக்கு இது பாரமாக இருக்காது.

சுங்கை பூலோ நண்பர் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். அம்மாவின் அடுத்த திதிக்கு அவர்கள் இன்னொரு கிணறு கட்டப் போவதில்லை. இதே பம்பின் பராமரிப்புக்குப் பணம் அனுப்பப் போகிறார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: கூட்டமும் பாட்டும் ரிப்பனும் இல்லாமல், சாதாரணமான ஒரு நாளின் காலையில், அந்தப் பம்பை யாரோ ஒருவர் அடிப்பதையும் தண்ணீர் வருவதையும் காட்டும் ஒரு நிமிட வீடியோ.

உங்கள் பணத்தில் நட்ட பம்பு எங்கேனும் இருந்தால், இன்றே ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள்: தண்ணீர் வருகிறதா?